மகன் தகப்பனிடம் கேட்டானா?

அத்தியாயம் பதினான்கு

கொன்ஸ்தான்தியின் கன்னத்தில் அந்த அறை விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அதிகாரிகள் சீட்டாடக் கூடும் சந்தைச் சதுக்கத்து மிட்டாய்க்கடையில் அன்று நடந்தது நகரம் முழுவதற்கும் தெரியும். சாகக் கிடந்த யாருக்கோ நற்கருணை எடுத்துக்கொண்டு சாமியார் தெருவில் போனார். மணிச்சத்தம் கேட்டதும் சீட்டாட்ட மேசையிலிருந்து எழுந்து வாசற்படியில் முழந்தாளிட்டான் லெப்டினன்ட் கொன்ஸ்தான்தி. ரோட்னர் என்ற இன்னொரு லெப்டினன்ட் முதுகுக்குப் பின்னால் ஒரு கேலி சொன்னான். கொன்ஸ்தான்தி திரும்பி ஒரு வசவு சொன்னான். பதிலுக்கு அறை விழுந்தது.

அறை வாங்கிய அதிகாரி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இரண்டு தோழர்களை அனுப்பி, எதிராளியை ஒற்றைக்கு ஒற்றைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடாதவன் அதிகாரி இல்லை. கூப்பிட்டுப் போய் நின்றவனுக்கோ திருச்சபை கதவைச் சாத்திவிடும். செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம்கூடக் கிடையாது. இந்த இரண்டு சட்டங்களும் ஒரே பேரரசில், ஒரே ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தன. ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கொன்ஸ்தான்தி தோழர்களை அனுப்பவில்லை. 'என் மதம் தடுக்கிறது' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படைப்பிரிவின் கௌரவ சபை கூடி அவனுடைய பதவியைப் பறிக்கப்போகிறது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இன்று வியாழன். நற்கருணைத் திருநாள்.

காலை ஏழு மணிப் பூசைக்குக் குடும்பம் வெறும் வயிற்றோடு வந்திருந்தது. மேஜர் சேவெரின் பிரபு, மனைவி கிளெமென்டினா, மகள் லுத்விகா, மகன் கொன்ஸ்தான்தி. ஒஸ்த்ரோவித்ஸ்கி குடும்பத்தார் முன்வரிசை பெஞ்சில்தான் உட்காருவார்கள். அந்தப் பெஞ்சின் கைப்பிடி அவர்கள் உள்ளங்கை பட்டே வழவழப்பாகியிருந்தது.

நற்கருணை வாங்கும் நேரம் வந்தது. சேவெரின் எழுந்தார். கிளெமென்டினா எழுந்தாள், லுத்விகா எழுந்தாள். கொன்ஸ்தான்தி எழவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சிலேயே முழந்தாளிட்டிருந்தான்.

அவனைத் தாண்டித்தான் மூவரும் வெளியே வர வேண்டியிருந்தது. லுத்விகாவின் பாவாடை அவன் தோளில் உரசியது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

சேவெரினுக்குக் காது சுட்டது. மதம் தடுக்கிறது என்று சொல்லித் தன் பதவியையே தூக்கி எறிகிறவன், வருஷத்தின் பெரிய திருநாளில் நற்கருணை வாங்கவில்லை. ஊர் என்ன பேசும்? மதமெல்லாம் சாக்கு, பயல் குண்டுக்குப் பயந்தவன் என்று பேசும். நாக்கில் அப்பத்தை வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது அவர் சேசுவை நினைக்கவில்லை. பெஞ்சுகளில் இருந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்து மணிக்குப் பவனி புறப்பட்டது. ஆயருக்கு மேலே பிடிக்கும் மேற்கட்டியின் முன்பக்க வலது கம்பு ஒன்பது வருஷமாகச் சேவெரினுடையது. பிர்ச் மரக்கிளைகள் கட்டிய தெருக்களில் ஆயர் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் தலைக்கு மேல் தங்கச்சரிகை விதானம். பின்னால் குதிரைப்படை அதிகாரிகள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். தெருவில் அமைத்த ஒவ்வொரு பீடத்திலும் நற்செய்தி வாசித்து முடிந்ததும் வீரர்களின் ஒரு பிரிவு வானத்தை நோக்கிச் சுட்டது. புறாக்கள் கிளம்பின. எல்லோரும் தெருக்கல்லில் முழந்தாளிட்டார்கள். ரோட்னரும் முழந்தாளிட்டான். நாளைக்குக் கொன்ஸ்தான்தியை வெளியே தள்ளப்போகிற ஐந்து பேரும் முழந்தாளிட்டார்கள்.

கொன்ஸ்தான்தி அதிகாரிகள் வரிசையில் இல்லை. பணியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். சாதாரணக் கோட்டு போட்டுக்கொண்டு, தச்சர் சங்கத்துக்கும் இறைச்சிக்கடைக்காரர் சங்கத்துக்கும் நடுவே, கையில் மெழுகுவத்தியோடு நடந்தான். சேவெரின் திரும்பிப் பார்க்கவே இல்லை. கம்பு பிடித்திருப்பவர் திரும்பக் கூடாது என்பது அவருக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது.

பவனி முடிந்ததும் கர்னல் லெங்கார்ட் தன் வீட்டுக்கு அழைத்தார். எல்லா அதிகாரிகளுக்கும் திராட்சை மது, குளிர்ந்த இறைச்சி. சேவெரினை மட்டும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இருவரும் பத்து வயதில் ஒரே ராணுவப் பள்ளியில் ஒரே அறையில் படுத்தவர்கள்.

"உட்காருடா" என்றார் கர்னல். தான் உட்காரவில்லை. "இலையுதிர்காலத்துல நான் போறேன். அடுத்து படைப்பிரிவு உனக்குத்தான். வியன்னாவுல அது பேசி முடிச்சாச்சு. உன் பையனோட விவகாரம் உன்மேல ஒட்டாம இருந்தாப் போதும்."

அவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். அதில் இரண்டே வாக்கியங்கள்: 'என் மகன் லெப்டினன்ட் கொன்ஸ்தான்தி இந்த விஷயத்தில் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. அவன் முடிவு பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.' அடியில் கையெழுத்துக்கு இடம்.

சேவெரின் அதை இரண்டு முறை வாசித்தார். கேட்டிருந்தால் என்ன ஆகும் என்று மெதுவாக விசாரித்தார்.

போன வருஷம் கிழக்கே ஒரு படைப்பிரிவில் நடந்ததைக் கர்னல் சொன்னார். ஒரு கேப்டன், சண்டையை மறுத்தவனும் இல்லை, அறை வாங்கியவனும் இல்லை. மறுத்த தம்பியைப் பற்றி, அவன் செய்தது சரிதான் என்று வாய்தவறிச் சொன்னான். அதே அரசாணையில் இரண்டு பேரும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

"அவன் கேட்டானா இல்லையான்னு நான் உன்னைக் கேட்கலை, சேவெரின். கேட்டா நீ சொல்லணும். நீ சொன்னா நான் எழுதணும். உன் பையன் நேத்தே சொல்லிட்டான், யார்கிட்டயும் கேட்கலைன்னு. மான வாக்குக் கொடுத்துச் சொன்னான். நீ அதுக்கு ஒத்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. ஆறு மணிக்குள்ள கொண்டுவா."

வெளியே அதிகாரிகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சேவெரின் தாளை நான்காக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் பையன் கொடுத்த மான வாக்கின் அர்த்தம் அவருக்கு உறைத்தது.

கொன்ஸ்தான்தி கேட்டிருந்தான். அறை விழுந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, குதிரை லாயத்தில். சேவெரின் தன் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் வந்து வாசலில் நின்றான். இரவெல்லாம் தூங்காத முகம். "அப்பா, நான் போகணுமா?" என்று கேட்டான். சேவெரின் குளம்பை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். கத்தோலிக்கன் போக முடியாது, போகாதே, எது வந்தாலும் நான் உன் பக்கம் நிற்கிறேன் என்றார். சொன்ன விதம் அவருக்கே பிடித்திருந்தது. அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் நேற்று பையன் சொன்னது பொய். மான வாக்குக் கொடுத்துச் சொன்ன பொய். இன்று காலை அவன் பெஞ்சிலேயே இருந்ததற்குக் காரணம் குண்டுக்குப் பயந்ததல்ல; அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு நற்கருணை வாங்கக் கூடாது என்பதுதான்.

காலையில் தன் காது எதற்காகச் சுட்டது என்பதை நினைத்தபோது சேவெரின் நடையைக் குறைத்தார். ஒரு ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். சேவெரின் பதிலுக்குத் தலையசைத்தாரா என்பது அவருக்கே நினைவில்லை.

வீட்டில் கிளெமென்டினா காத்திருந்தாள். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை; தாளை நீட்டினார். அவள் அப்பா தளபதி, தாத்தா தளபதி. படைமுகாமில் பிறந்து படைமுகாமில் வளர்ந்தவள். வாசித்துவிட்டுப் பேனா எங்கே என்று கேட்டாள்.

லாயத்தில் நடந்ததை அவர் சொன்னார். அவள் அதற்கு வியப்படையவில்லை. பையன் அப்பாவைக் கேட்காமல் சட்டைப் பொத்தான்கூடப் போடமாட்டான் என்று எனக்குத் தெரியாதா என்றாள்.

"அவன் போறது போகட்டும்" என்றாள். குரல் லேசாகத்தான் உடைந்தது. "அவனுக்கு இருபத்து மூணு வயசு. பெரியப்பா நிலத்தைப் பார்ப்பான், படிப்பான், எதையாவது செய்வான். உங்களுக்கு அம்பத்திரண்டு. கோட்டையும் நிலமும் உங்க அண்ணனுக்குப் போச்சு. உங்களுக்குன்னு இருக்கிறது அந்த உடுப்பு ஒண்ணுதான். அதைக் கழட்டிட்டா நீங்க யாருன்னு எனக்கே தெரியாதுங்க."

அது உண்மை என்பதால் சேவெரினுக்குக் கோபம் வரவில்லை.

ஒவ்வொரு வருஷமும் ராணுவ அமைச்சகம் அச்சடிக்கிற பதவிப் பட்டியலில் அவர் பெயர் எந்தப் பக்கத்தில், எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் அந்த வரி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். புதுப் பட்டியல் வந்ததும் முதலில் தன் பெயரைத்தான் தேடுவார். பிறகு தனக்கு மேலே இருந்தவர்களில் யார் யார் செத்தார்கள் என்று பார்ப்பார். இதை அவர் ஒருமுறை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்கிறார்.

கொன்ஸ்தான்தி தோட்டத்தில் இருந்தான். ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து தன் வாளின் உறைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நாளை ஒப்படைக்கப்போகிற வாள்.

அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சேவெரின் உட்காரச் சொன்னார். அவனும் உட்காரவில்லை, இவரும் உட்காரவில்லை.

"மான வாக்குக் கொடுத்துப் பொய் சொல்லியிருக்கே" என்றார் சேவெரின். கண்டிக்கிற குரலில் தொடங்கிய வாக்கியம் முடிவில் வேறு ஏதோ ஆகிவிட்டது.

"ஆமாம்ப்பா."

"அதனாலதான் காலையில..."

"முந்தாநாள் கூப்பிட்டுச் சொன்னாங்க, யார்கிட்ட கேட்டேன்னு விசாரிப்பாங்கன்னு. நேத்து கேட்டாங்க. சொன்னேன். சாயங்காலம் சாமிகிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய்யை வாபஸ் வாங்கு, அப்பத்தான் பாவமன்னிப்புன்னார். வாங்க முடியாது சாமின்னேன். அப்படின்னா போயிட்டு வாப்பான்னுட்டார்." அவன் லேசாகச் சிரித்தான். "வருத்தப்பட்டார், பாவம். பழக்கூடையிலிருந்து ஒரு பேரிக்காய் கொடுத்தார்."

சேவெரினுக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் ஒரு பாவத்தைச் செய்யமாட்டேன் என்று பதவியை விட்டான். தகப்பனுக்காக இன்னொரு பாவத்தைச் செய்து நற்கருணையையும் விட்டுவிட்டான். இரண்டு பக்கமும் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறான். தகப்பனோ இரண்டு பக்கமும் கம்பு பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

உன் பக்கம் நிற்பேன் என்று சொன்னதை நான் மறக்கவில்லை என்று சொல்ல நினைத்தார். அப்படிச் சொன்னால் அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனவே உள்பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். பையன் அதை வாசிக்கும்போது அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடாதீங்க என்று அவன் சொல்லவேண்டும் என்று ஒரு நிமிஷம் விரும்பினார். சொல்லிவிடுவானோ என்று அடுத்த நிமிஷம் பயந்தார்.

"போட்டுக் கொடுத்திருங்கப்பா" என்றான் கொன்ஸ்தான்தி. "ஒருத்தர் போனாப் போதும். நீங்களும் போனா அம்மா தாங்கமாட்டாங்க."

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். மடிப்புக் கலையாமல், பழைய கோட்டிலேயே மடித்தான். பிறகு உட்கார்ந்து மறுபடி உறைக்கு எண்ணெய் போட ஆரம்பித்தான்.

மகன் தன்னைத் திட்டியிருந்தால் சேவெரினுக்கு நன்றாக இருந்திருக்கும். தகப்பனைத் திட்டும் வழக்கத்தை அவர் இந்த வீட்டில் வளர்க்கவில்லை.

ஐந்து மணிக்குக் கர்னல் வீட்டு உள்ளறையில், நின்றபடியே, தாளில் கையெழுத்துப் போட்டார். பேனா கீறியது. கர்னல் மை உறிஞ்சும் தாளை அதன் மேல் அழுத்தி எடுத்தார். ஒரு கோப்பை போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் சேவெரின். வாசல்வரை வந்த கர்னல் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நல்ல நண்பர் கொடுக்கிற தட்டுதான். ஆனால் வழக்கமாகக் கண்ணைப் பார்க்கிற மனிதர், இன்று கழுத்துப்பட்டையிலிருந்த நட்சத்திரத்தைத்தான் பார்த்தார்.

திரும்பும் வழியில் கோயில் திறந்திருந்தது. மாலை ஜெபத்துக்குப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சேவெரின் படிவரை போனார். வாசலில் காலையில் கட்டிய பிர்ச் கிளைகளை ஆளாளுக்கு ஒடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் செருகி வைத்தால் இடி விழாது என்பது ஊர் வழக்கம். ஒரு அம்மாள் அவருக்கும் ஒரு கிளையை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்.

ஏழு மணிக்கு நால்வரும் மேசையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலில் இன்னும் நல்ல வெயில். பீட்ரூட் சூப், கிண்ணம் நிறையப் புளித்த பாலாடை. சேவெரின் ஜெபம் சொன்னார். வார்த்தைகள் தாமாக வந்தன.

யாரும் நாளையைப் பற்றிப் பேசவில்லை. ஆயர் இந்த வருஷம் மூன்றாவது பீடத்தில் தடுமாறியதைக் கிளெமென்டினா சொன்னாள். மெழுகு சொட்டித் தன் கையுறை பாழானதைக் கொன்ஸ்தான்தி சொன்னான். பக்கத்தில் நடந்த இறைச்சிக்கடைக்காரர் வழியெல்லாம் பன்றி வளர்ப்பைப் பற்றி யோசனை சொல்லிக்கொண்டே வந்தாராம். இனிமேல் தேவைப்படும் என்று நானும் காதுகொடுத்துக் கேட்டேன் என்றான். அவன் அம்மா சிரிக்க முயன்றாள்.

லுத்விகா கரண்டியைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வயது, மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு சாப்பிடத் தெரியாதவள்.

"நான் ஒண்ணு செஞ்சிருக்கேன். திட்டாதீங்க."

மாலை ஜெபம் முடிந்ததும் கர்னல் மாமா வீட்டுக்குப் போனாளாம். மத்தியானமே எழுதிவைத்த கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தாளாம். அண்ணன் லாயத்துக்கு வந்த அந்தக் காலையில் அவள் அடுத்த தடுப்பில் தன் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசியது அவளுக்குக் கேட்டது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனைப் பயந்தாங்கொள்ளி என்று கோயில் வாசலில் இன்று இரண்டு பெண்கள் பேசியதைக் கேட்ட பிறகு பொறுக்கவில்லை.

"அப்பாவே போகாதேன்னு சொன்னார், உன் பக்கம் நிற்பேன்னார், அதை நான் கேட்டேன்னு எழுதினேன். நம்பலைன்னா எங்க அப்பாவையே கேளுங்க, அவர் பொய் சொல்லமாட்டார்னு எழுதினேன்." அவள் கன்னம் சிவந்திருந்தது. பெருமையில்தான். "கர்னல் மாமா நின்னுக்கிட்டே படிச்சார். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். இதை நாளைக்குச் சபையில வைக்காம இருக்க முடியாது, தெரியுமாம்மான்னார். வைங்க மாமான்னுட்டு வந்துட்டேன்."

கிளெமென்டினாவின் கை சூப்புக் கரண்டியோடு அந்தரத்தில் நின்றது.

"நீங்களும் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கீங்கன்னு மாமா சொன்னார். அதையேதானே எழுதினீங்க, அப்பா?"

சேவெரின் மகளைப் பார்த்தார். அந்தக் கேள்வியில் சந்தேகமே இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவினீங்களா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அதையேதான்" என்றான் கொன்ஸ்தான்தி. "நான்கூடப் படிச்சேன். அப்பா எல்லாத்தையும் எழுதிக் கொடுத்திருக்கார்."

குரல் நடுங்கவில்லை. நேற்றைவிட இன்று அவனுக்குப் பொய் சுலபமாக வந்தது. அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று சேவெரினுக்குத் தெரிந்தது.

லுத்விகா நிம்மதியாகக் கரண்டியை எடுத்தாள். பசி இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது போலிருந்தது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரே மேசைமேல் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று தகப்பன் கையெழுத்திட்டது, இன்னொன்று மகள் எழுதியது. ஐந்து அதிகாரிகள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். கர்னல் வீடு இங்கிருந்து நானூறு அடிதான். இப்போதே எழுந்து போகலாம். அதற்கும் முன்னால் இந்த மேசையிலேயே, இந்த மூன்று பேரிடம், ஒரு வாக்கியம் சொல்லலாம்.

சேவெரின் வாயைத் திறந்தார். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உப்பு" என்றார்.

கொன்ஸ்தான்தி கையை நீட்டி உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.